கைகாட்டிய மீன்

லாடிப்போவுக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் வாய் அவன் பேச்சைக் கேட்காது. கோபம் வந்தாலும் அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் காரியத்தன்று, ஊர் கூடியிருக்கும்போது சொந்த அண்ணனைப் பார்த்து, "நீ மீனுக்குப் போட்ட தீனியைவிட அப்பா உனக்குப் போட்ட தீனிதான் அதிகம்" என்று சொல்லிவிட்டான். அதுவும் மரியாதை இல்லாமல், நீ என்று.

அண்ணன் கொலாவோலே அப்படியே எழுந்தார். தன் பங்குக்கு குஞ்சு எடுக்க வைத்திருந்த நாலைந்து இனமீன்களை மட்டும் கேனில் போட்டுக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

அது கோபத்தில் பேசியது. இந்த வாரம் நடந்தது சந்தோஷத்தில் பேசியதால் வந்த வினை.

லாடிப்போவின் மனைவி மொரெனிக்கேயின் கவலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பண்ணையில் குளங்கள் அவன் பொறுப்பு. தீவனம், வலை, புகை போடும் அடுப்பு, வியாபாரி எல்லாம் அவன். குஞ்சு பொரிக்கும் கொட்டகை மட்டும் அவளுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் ஒதுக்கிக் கொடுத்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு ஆரம்பித்தது. இன்றைக்கு ஓடைப் பக்கத்தில் பாதிப் பண்ணைகளில் நீந்தும் கெளுத்திகள் அவள் கைபட்டுப் பொரிந்தவை.

ஆனால் கடைசி இரண்டு பொரிப்பும் வீணாகிவிட்டன. முதல் தடவை ஜெனரேட்டர் மூச்சை விட்டது. தண்ணீர் ஓடாமல் குஞ்சுகள் செத்தன. அடுத்த தடவை முட்டைகளில் பூஞ்சை பிடித்தது. போன வாரம் லாடிப்போ கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாரு, டோலாப்போ அம்மா. இதுவும் போச்சுன்னா கொட்டகையைத் தீவன குடோனா மாத்திடுவோம். குஞ்சை வெளியில வாங்கிக்கலாம்."

டோலாப்போ அவர்களுடைய மகள். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மொரெனிக்கே "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அந்த ஒரே ஒரு தடவைதான் இது.

நேற்றுச் சாயங்காலம் மூன்று தாய்மீன்களுக்கு முட்டை பழுக்க ஊசி போட்டுவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் கார் நின்றிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். லாடிப்போவின் தங்கை சிஜுவாடேயைப் பெண் கேட்டு.

சிஜுவாடேக்குக் கல்யாண வயது வந்து, நின்று, அலுத்துப்போய் அதுவே திரும்பிப் போய்விட்டது என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். அவள் காதில் விழும்படிதான் பேசுவார்கள். அவள் பண்ணையின் மீன் வண்டியை ஓட்டிக்கொண்டு சந்தைக்கும் வீட்டுக்குமாக இருந்தாள். இப்போது ஃபெஸ்டஸ் என்று ஒரு நல்ல மனுஷன், தன் பெரியப்பாவை முன்னால் விட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். லாடிப்போவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பெரியப்பாவைப் பண்ணை முழுக்க நடத்திக் காட்டினான். மண் குளங்கள், சிமென்ட் தொட்டிகள், தார்ப்பாய்த் தொட்டிகள், ஆழ்குழாய்க் கிணறு, மேல்நிலைத் தொட்டி. எல்லாம் காட்டி முடித்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பெரியப்பா, எந்த மீன் வேணுமோ கையைக் காட்டுங்க. நம்ம வீட்டு மீன். கேக்கறதுக்கு ஆளில்ல."

பெப்பர் சூப் என்கிற காரமான மீன் சூப் விற்கும் கடையில் எல்லோரும் செய்கிறதுதான். தொட்டியில் நீந்தும் மீனைக் கைகாட்ட வேண்டும்; காட்டிய மீன் சட்டிக்குப் போக வேண்டும். கைகாட்டின பிறகு அது வேண்டாம், இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். சொன்னால் அவன் கடைக்கு யாரும் போக மாட்டார்கள். வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் சொன்னால் எப்படி இருக்கும்?

பெரியப்பா குளங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் பலகை போட்டு மூடியிருந்த சின்னத் தொட்டியிடம் நேராகப் போனார். பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இரண்டு ஆண் மீன்கள். இரண்டுக்கும் வாலின் மேலோரத்தில் ஒரு முக்கோண வெட்டு. இனத்துக்கென்று தேர்ந்தெடுத்த மீனுக்குக் கத்தரியால் அப்படிக் குறி வைப்பது மாமனாருடைய வழக்கம். அவரிடம் கற்றுக்கொண்ட அவர் பிள்ளைகளைத் தவிர எங்கள் வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

அவர் பெரியதைக் கைகாட்டினார்.

லாடிப்போ மிச்சமிருந்த சின்னதைப் பார்த்தான். 'இன்னொண்ணு இருக்கே' என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். மீனை அடித்து, சுத்தம் செய்து, துண்டு போட்டுச் சமையலறைக்கு அனுப்பிவிட்டான். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

விடிந்தும் விடியாமலும் மொரெனிக்கே பின்பக்கம் போனாள். தாய்மீன்களின் வயிறு பழுக்கும் நேரம். முதலில் ஆண் மீன் வேண்டும். பெண் மீனின் வயிற்றைத் தடவி முட்டையைப் பிதுக்கிவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடலாம். கெளுத்தியில் ஆணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வயிற்றைக் கீறித்தான் விந்துப்பையை எடுக்க முடியும். அதனால் அவள் ஒவ்வொரு தடவையும் ஆண் மீனின் தலையில் கை வைத்து, 'உனக்கு நன்றி' என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியைக் கணவன் கையில் கொடுப்பாள்.

பலகையைத் தூக்கினாள். ஒரே ஒரு மீன்.

லாடிப்போ பல் குச்சியை மென்றுகொண்டு சுவரோரமாக நின்றான். வழக்கத்தைவிட நேரத்தோடு எழுந்திருந்தான்.

"டோலாப்போ அப்பா, ஒண்ணுதான் இருக்கு. குதிச்சுப் போயிருக்குமா?" அவள் குனிந்து புல்லுக்குள் தேட ஆரம்பித்தாள்.

"குதிக்கல."

"பின்ன?"

"பெரியப்பா கையைக் காட்டிட்டார்."

அவள் நிமிர்ந்தாள்.

"அப்போ ராத்திரி நான் சூப் வச்சது..."

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னார்."

"கண்டம் கண்டமா என்ன கனம்னு நானே வேற மெச்சிக்கிட்டேன். மிளகாய் ரெண்டு கூடப் போட்டேன்."

"ஒண்ணு போதும்மா. ஒரு ஆண் மூணு தாய்க்குத் தாங்கும். நீயே சொல்லியிருக்க."

உண்மைதான். தாங்கும். மீன் பழுத்திருந்தால்.

அவள் மீனின் தலையில் கை வைத்தாள். அவன் கத்தியை எடுத்தான். வயிறு திறந்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். விந்துப்பை கெட்டியாக, பால் நிறத்தில், விளிம்பு பல் பல்லாக இருக்க வேண்டும். இது ரோஜா நிறத்தில் நூலாட்டம் கிடந்தது. மொரெனிக்கே நுனியைக் கிள்ளிப் பார்த்தாள். தண்ணீர்தான் வந்தது. மீன் இன்னும் பருவத்துக்கு வரவில்லை. வீணாக ஓர் உயிரை எடுத்தாகிவிட்டது.

"பழுத்தது சட்டிக்குப் போயிடுச்சு," என்றாள் மொரெனிக்கே. குரல் உயரவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. திட்டியிருந்தால் தேவலை.

"நம்ம குளத்துல இருக்கறது எல்லாம் விக்கற பிஞ்சு மீன். நான் போய்க் கேக்கறேன். அல்ஹாஜி முக்தார்கிட்ட நல்ல ஆண் மீன் எப்பவும் இருக்கும்." அவன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது கிளம்ப மறுத்தது. அவன் அதையும் திட்டிவிட்டு மறுபடியும் உதைத்தான்.

*

சத்தம் கேட்டு சிஜுவாடே வந்தாள். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முந்தின நாள் சந்தோஷம் முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்க வந்தவள், அறுபட்ட மீனையும் அண்ணியின் கண்ணையும் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு அண்ணி?"

மொரெனிக்கே சொன்னாள்.

"எனக்காக வந்தவங்களுக்குத்தானே..." சிஜுவாடே தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் வீட்டில் தான் வருவதற்கு முன்னால் பிறந்த யாரையும், அது தொட்டில் குழந்தையாக இருந்தாலும், மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மொரெனிக்கே வந்தபோது சிஜுவாடேக்குப் பள்ளிக்கூட வயது. சிரித்தால் சோழி மாதிரி பல். அன்றைக்கு வைத்த பெயர்தான்.

"சோழிப்பல், உங்க கல்யாணத்துக்கு இந்தக் குளத்தையே வாரிக் கொடுக்கலாம். நான் வருத்தப்படறது அதுக்கில்ல. உங்க அண்ணன் நேத்து ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பவே வேற மீனைத் தேடி வச்சிருப்பேன். ஊசி உள்ள போயாச்சு. வயிறு நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"வெயில் ஏறிட்டா போச்சு. முட்டை உள்ளயே பழுத்து நாறிடும். தாயும் மிஞ்சாது. அப்புறம் இந்தக் கொட்டகையில தீவன மூட்டைதான்."

சிஜுவாடே உள்ளே ஓடினாள். நேற்று விருந்தாளிகளுக்கென்று குளிர்பெட்டியில் உறைய வைத்த தண்ணீர்ப் பாக்கெட்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் அவற்றைத் தாய்மீன் தொட்டிகளில் மிதக்கவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீரில் வயிறு கொஞ்சம் மெதுவாகப் பழுக்கும். அண்ணியும் நாத்தனாரும் இதைப் பேசிக்கொண்டு செய்யவில்லை. இத்தனை வருஷம் ஒரே கொட்டகையில் நின்றவர்களுக்குப் பேச்சு தேவைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் கஞ்சி போட்ட சட்டையோடு ஃபெஸ்டஸ் வந்து நின்றான்.

எங்கள் பக்கத்தில் ஒன்றை வாங்கின அன்றைக்கே நன்றி சொன்னால் கணக்கில் சேராது. மறுநாள் காலையில் குளித்து முழுகி, நேரில் போய், 'நேத்துக்கு நன்றி' என்று சொல்ல வேண்டும். போகாதவனை நன்றி கெட்டவன் என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டு அத்தோடு விடாது. அதிலும் சம்பந்தம் பேச வந்தவன்.

ஃபெஸ்டஸ் குனிந்து தரையைத் தொட்டான். "நேத்துக்கு நன்றி அண்ணி. அந்த மீன் இருக்கே, பெரியப்பா ராத்திரி பூரா அதையே பேசிட்டு இருந்தார். இந்த மாதிரி மீனை அவர் பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லையாம்."

"சாப்பிட்டிருக்க மாட்டார்தான்," என்றாள் மொரெனிக்கே. "அந்த மாதிரி மீனை யாரும் சாப்பிடறதில்ல தம்பி."

பாவம், அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தான்.

சிஜுவாடே சுவரோரம் கிடந்த மஞ்சள் கேனைத் தூக்கினாள். மேல் பக்கம் சதுரமாக வெட்டி மீன் கொண்டுபோக வைத்திருக்கும் கேன். அதில் கொஞ்சம் தண்ணீர் பிடித்தாள்.

"ஃபெஸ்டஸ், வண்டியிலதானே வந்தீங்க? என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எங்க?"

"வழியில சொல்றேன். சட்டையில தண்ணி தெறிக்கும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று அவன் சொல்லும் முன்பே அவள் காரில் ஏறிவிட்டாள்.

*

லாடிப்போதான் முதலில் திரும்பினான். வெறும் கையோடு.

"அல்ஹாஜி போன வாரம்தான் பெரிய மீனையெல்லாம் வித்திருக்கார். மனுஷன் தலையில அடிச்சுக்கிட்டார். அந்தப் பக்கத்துப் பண்ணையில இருக்கறது எல்லாம் விரல்குஞ்சு. மேட்டுத் தெருவுல ஒருத்தர் கொடுக்கறேன்னார், வலை போட்டா ஒண்ணும் சிக்கல." அவன் கவிழ்த்துப்போட்ட பேசின் மேல் உட்கார்ந்தான். "என் நாக்கை அறுக்கணும், டோலாப்போ அம்மா."

"அறுத்தா அதுல விந்துப்பை இருக்குமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தைரியம் வரவில்லை.

அவள் தொட்டிக்குள் கை விட்டு ஒரு தாய்மீனைத் தொட்டுப் பார்த்தாள். வயிறு பஞ்சாக இளகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தானாகவே முட்டை சொட்ட ஆரம்பித்துவிடும். இந்தக் கொட்டகையில் அவள் முதல் பொரிப்புக்கு மாமனார் தன் கையாலேயே ஆண் மீனை அறுத்துக் கொடுத்தார். குஞ்சுகள் நீந்தியபோது மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, மருமகளிடம் 'நேத்துக்கு நன்றி' என்று சொன்னார். அவர் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வார்த்தையின் பலத்தில்தான் அவள் இத்தனை வருஷம் இந்த ஈரத்தில் நிற்கிறாள்.

வாசலில் கார் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

சிஜுவாடே கேனைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் ஃபெஸ்டஸ், முழங்கால் வரை சேறு, சட்டையெல்லாம் ஈரம். கேனுக்குள் ஒரு கறுத்த முதுகு திரும்பியது. கனமான, தலை அகன்ற, அருமையான ஆண் மீன்.

லாடிப்போ எழுந்து நின்றான். "யாரு கொடுத்தா?"

"பேர் கேட்டா மீனைத் திருப்பி எடுத்துட்டு வந்துடுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. கேக்கணுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

"வழுக்கும் அண்ணா. நான் வாலைப் பிடிச்சுக்கறேன்." அவள் ஈரத்துண்டை மீனின் வாலைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மொரெனிக்கே மீனின் தலையில் கை வைத்தாள். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். லாடிப்போ கீறினான். கெட்டியாக, பால் நிறத்தில், விளிம்பெல்லாம் பல் பல்லாக, இரண்டு பைகள். மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ஃபெஸ்டஸ் மட்டும் விவரம் புரியாமல், "நல்லா இருக்கா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கு தம்பி," என்றாள் மொரெனிக்கே. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவள் தாய்மீனைத் துண்டில் ஏந்தி வயிற்றை நீவினாள். பச்சையும் பழுப்புமாக முட்டைகள் உலர்ந்த கிண்ணத்தில் வழிந்தன. லாடிப்போ பையை நறுக்கி உப்பு நீரில் பிழிந்தான். மொரெனிக்கே கோழி இறகால் இரண்டையும் கலந்தாள். கரண்டி பட்டால் முட்டை நசுங்கும், இறகுதான் பதம். சிஜுவாடே தண்ணீரை ஊற்றினாள். ஒரு நிமிஷம் கலக்கி, தொட்டிகளில் விரித்திருந்த கொசுவலை மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினார்கள். ஃபெஸ்டஸைக் குழாயைப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் தேவாலயத்தில் நிற்கிற மாதிரி அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

தாய்மீன்கள் மூன்றும் பிழைத்துத் தங்கள் குளத்துக்குத் திரும்பின.

*

உயிரில்லாத முட்டை வெளுத்துவிடும். மத்தியானம் பார்த்தார்கள், அங்கங்கே சில வெளுத்திருந்தன. சாயங்காலம் பார்த்தார்கள், மற்றதெல்லாம் நிறம் மாறாமல் இருந்தது. லாடிப்போ ஜெனரேட்டரின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டான். நடுவில் ஒரு தடவை அதற்கும் நன்றி சொன்னான்.

இருட்டுவதற்குள், சிஜுவாடே கொண்டுவந்து அறுத்த பெரிய மீனைப் புகையடுப்பில் போடலாம் என்று எடுத்தான். சுற்றியிருந்த ஈரத்துண்டு நழுவியது. வாலின் மேலோரத்தில் ஒரு முக்கோண வெட்டு.

அவன் அப்படியே நின்றான். தன் தொட்டியில் இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் போயாகிவிட்டது. அப்பாவின் கத்தரியை அப்பா பிடித்த மாதிரியே பிடிக்கிற கை தன்னுடையதைத் தவிர இந்த உலகத்தில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

மொரெனிக்கே கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"துண்டைச் சுத்தறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"சொல்லல."

"சொல்லியிருந்தா அறுத்திருப்பீங்களா?"

அவன் அடுப்பை மூட்டினான், மூட்டிவிட்டு மீனை உள்ளே வைக்காமல் வாழை இலையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தான்.

"ஆறு வருஷமா என்னை நினைச்சாலே அவருக்கு வயிறு எரியும்னு நினைச்சேன்," என்றான் கடைசியில். "எரிஞ்ச வயித்தோட மீன் கொடுத்திருக்கார்."

"எரிஞ்சுதோ இல்லையோ, கொடுத்தாரு. நாளைக்குக் காலையில என்ன செய்யணும்னு நான் சொல்லித் தரணுமா?"

*

மறுநாள் காலையில் கொசுவலைக்கு அடியில் தண்ணீர் சிலிர்த்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஊசி முனை அளவில் ஆயிரக்கணக்கான வால்கள் துடித்துக்கொண்டிருந்தன. மொரெனிக்கே தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டாள். கடவுளுக்கு, மாமனாருக்கு, அறுபட்ட மீனுக்கு, சேற்றில் இறங்கிய மாப்பிள்ளைக்கு, நாக்கு நீண்ட புருஷனுக்குக் கூட, வாய்க்கு வந்த எல்லோருக்கும் நன்றி சொன்னாள். இனி இந்தக் கொட்டகைக்குள் தீவன மூட்டை வராது.

லாடிப்போ வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கல்யாணத்துக்குப் போகிற உடுப்பு.

"நீயும் வா."

"குஞ்சை விட்டுட்டு எப்படி வர்றது? முட்டைத் தோலை எடுக்கணும், தண்ணி பார்க்கணும். நீங்க போங்க. உங்கண்ணன் கால்ல எனக்கும் சேர்த்து விழுங்க."

சிஜுவாடே வண்டியை ஓட்டினாள். வழியெல்லாம் லாடிப்போ சொல்லப் போவதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தான். ஓடைப் பாலம் தாண்டியதும் எல்லாம் மறந்துவிட்டது.

கொலாவோலே வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தம்பியைப் பார்த்து அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

லாடிப்போ தொப்பியைக் கழற்றினான். வெள்ளைச் சட்டையோடு மண்ணில் நெடுக விழுந்தான். நெஞ்சும் நெற்றியும் தரையில் பட.

"நேத்துக்கு நன்றிண்ணா."

கொலாவோலே ஓர் அடி முன்னால் வந்தார்.

"எழுந்திரு. கஞ்சி போட்ட சட்டை."

"அன்னைக்கு நான் பேசினதை நீங்க மன்னிச்சேன்னு சொன்னாத்தான் எழுந்திருப்பேன்."

"பொரிஞ்சுதா?"

"பொரிஞ்சுதுண்ணா. வால் ஆடுது."

"மொரெனிக்கே சிரிச்சாளா?"

"அழுதுக்கிட்டே சிரிச்சா."

"அப்போ எல்லாம் சரியாப் போச்சு. எழுந்திருடா."

அந்த 'டா'வை ஆறு வருஷத்துக்குப் பிறகு கேட்டதும் லாடிப்போவுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. முகத்தை மண்ணிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அப்படிக் கிடந்தபோதுதான் அவன் காதுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

தண்ணீர் விழும் சத்தம் இல்லை.

பிறந்ததிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தத்திலேயே தூங்கி எழுந்தவன் அவன். மீன் வளர்க்கிற வீட்டில் அந்தச் சத்தம் நிற்காது. தலையைத் தூக்கிப் பார்த்தான். தார்ப்பாய்த் தொட்டிகள் வெளுத்து, வெடித்து, காய்ந்து கிடந்தன. வடிகுழாய்களின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. வலைகள் மடித்து ஆணியில் மாட்டியிருந்தன. வீட்டை ஒட்டி ஒரே ஒரு சின்னத் தொட்டியின் அடியில் மட்டும் முழங்கை ஆழத்துக்குச் சேற்றோடு தண்ணீர் நின்றது. அதில் ஒன்றும் நீந்தவில்லை.

அந்தத் தொட்டியில் நேற்றுக் காலை வரைக்கும் ஒரு மீன் இருந்திருக்கிறது. இந்தப் பண்ணையில் இருந்ததே அந்த ஒன்றுதான். அதைத்தான் அண்ணன் பேர் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

லாடிப்போ மண் ஒட்டின நெற்றியோடு மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, மத்த மீனெல்லாம் எங்க?"

கொலாவோலே வண்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற தங்கையைப் பார்த்தார்.

"பண்ணையை மூடிட்டேன்னு இவன்கிட்ட நீ இன்னும் சொல்லலையா, சிஜுவாடே?"